மீனை அளக்கும் பிள்ளைகள்: நியூ சவுத் வேல்ஸ் பள்ளிகளுக்குத் தூண்டில் வகுப்பு வந்த வரலாறு

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, முதலில் ஒரு கேள்வி. மீன்வளம் குறைகிறது என்று கவலைப்படும் ஓர் அரசாங்கம், பள்ளிப் பிள்ளைகளுக்கு மீன் பிடிக்கக் கற்றுத் தருமா? தூண்டில் கோல்களை வண்டியில் ஏற்றி, ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புமா? யோசித்துப் பார்த்தால் முரண்பாடாகத்தான் தெரிகிறது. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளுக்குக் கோடரி கொடுப்பது போல!

ஆனால் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதுதான் நடக்கிறது. அங்கே மாநில மீன்வளத் துறை தொடக்கப்பள்ளிகளுக்கென்றே ஒரு திட்டத்தை நடத்துகிறது. 'கெட் ஹுக்ட்' என்பது அதன் பெயர். வகுப்பறையில் மீனின் வாழிடத்தைப் பற்றியும் விதிமுறைகளைப் பற்றியும் பாடம் நடக்கும். பிறகு தூண்டிலைக் கையில் பிடித்துப் பயிற்சி. 'ஃபிஷ்கேர்' தொண்டர்கள் உதவிக்கு வருகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் பொழுதுபோக்கு மீன்பிடிப்போரின் அமைப்பான ரெக்ஃபிஷ்வெஸ்ட் இதே மாதிரி பயிற்சி முகாம்களைப் பல ஊர்களில் நடத்தி வருகிறது.

இந்த முகாம்கள் ஏன் தேவைப்பட்டன? 'பிள்ளைகள் கைப்பேசியை விட்டு வெளியே வரட்டும்' என்று யாரும் எளிதாகச் சொல்லிவிடலாம். அது மேலோட்டமான விடை. கொஞ்சம் பின்னால் போய், சிட்னித் துறைமுகத்தில் 1788-ஆம் ஆண்டுக்கே போய்ப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் கரையில் மீன்பிடிப் பாடம் தாயிடமிருந்து மகளுக்கு நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சங்கிலி அறுந்துபோன இடத்தைத்தான் இன்று அரசாங்க வண்டி நிரப்பப் பார்க்கிறது. முழுமையாக நிரப்புகிறதா என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருவோம்.

தாய்மாரின் தோணி

1788 ஜனவரியில் ஆர்தர் பிலிப் தலைமையில் முதல் கப்பல் தொகுதி வந்து சேர்ந்தபோது, சிட்னித் துறைமுகத்தைச் சுற்றி ஈயோரா மக்களின் பல குலங்கள் வாழ்ந்தன. ஆண்கள் பல முனைகள் கொண்ட ஈட்டியால் மீனைக் குத்திப் பிடித்தார்கள். தூண்டில் போட்டது பெண்கள். இதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். 'மீனவர்' என்று சொன்னதும் நம் மனத்தில் ஆணின் உருவம்தானே வருகிறது? அங்கே தூண்டில் முழுக்க முழுக்கப் பெண்களின் கருவி.

மரப்பட்டையில் செய்த 'நவி' என்ற சிறு தோணியில் அவர்கள் போவார்கள். தோணியின் நடுவில் களிமண்ணைப் பரப்பி, அதன்மேல் சிறு நெருப்பு எரியும். மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் கொஞ்சம் பெரிய பிள்ளை. கடல் சங்கின் ஓட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பிறை வடிவில் செய்த தூண்டில் முள்ளுக்குப் 'பர்ரா' என்று பெயர். மர நாரை முறுக்கி நூலாக்கினார்கள். மீனை வரவழைக்க, சிப்பிச் சதையை வாயில் மென்று தண்ணீரில் துப்புவார்கள். பிடித்த மீனைத் தோணியிலேயே சுட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். சில பெண்களுக்கு இடக்கை சுண்டு விரலின் நுனிக் கணுக்கள் இருக்காது. சிறு வயதிலேயே அதை நீக்கிவிடுவார்கள். 'மல்கன்' என்பது அந்த வழக்கத்தின் பெயர். தூண்டில் நூலைச் சுற்றுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள் என ஆங்கிலேயர் சிலர் எழுதினார்கள். காரணம் அதுதானா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

இந்தச் செய்திகளெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? வாட்கின் டென்ச், டேவிட் காலின்ஸ் போன்ற அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து. கப்பலில் வந்தவர்கள், ஆண்கள், அந்த மொழியை அரைகுறையாக அறிந்தவர்கள். தோணியில் இருந்த பெண் எழுதிய வரி ஒன்றுகூட நம்மிடம் இல்லை. மூலத்தை மதிப்பிடச் சொல்லும் தேர்வுக் கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. யார் எழுதினார், யாரைப் பற்றி எழுதினார், யாருடைய குரல் விடுபட்டது? மூன்று கேள்விகளையும் இந்த ஒரே பத்தியை வைத்துக் கேட்டுவிடலாம்.

அந்தத் தோணியை ஒரு வகுப்பறையாக எண்ணிப் பாருங்கள். எந்த மாதத்தில் எந்த மீன் வரும், எந்தப் பாறைக்குப் பக்கத்தில் நீரோட்டம் இழுக்கும், எப்போது கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் பிள்ளைக்குத் தானாகவே பழகிவிடும். பாதுகாப்புப் பாடம், வளப் பாதுகாப்புப் பாடம் என்று தனித்தனியாக அங்கே எதுவும் இல்லை. எல்லாம் ஒன்றுதான்.

1790-இல் ஒரு சம்பவம் நடந்தது. ஆங்கிலேயர்கள் துறைமுகத்தில் பெரிய வலையைப் போட்டுச் சுமார் 4,000 மீன்களை அள்ளினார்கள். அவற்றை 'சால்மன்' என்று அழைத்தார்கள். உண்மையில் அது ஐரோப்பிய சால்மன் இனமே இல்லை. அதிலிருந்து ஒரு பங்கைப் பென்னலாங் என்ற ஈயோரா ஆணுக்குப் பரிசாக அனுப்பினார்கள். அவர் மனைவி பரங்காரு, கேமரேகல் குலத்துப் பெண், தூண்டிலில் தேர்ந்தவர். வரலாற்றாசிரியர் கிரேஸ் கார்ஸ்கென்ஸ் இந்த நிகழ்வைப் பெண்களின் பக்கமிருந்து பார்க்கிறார். குடும்பத்துக்கு உணவு தருபவள் என்ற பெண்ணின் செல்வாக்கை இப்படிப்பட்ட வாரிச்சுருட்டல் கலைத்துவிடும் என்பது அவர் விளக்கம். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1789-இல், பெரியம்மை போன்ற கொள்ளைநோய் பரவி ஈயோரா மக்களில் பெரும்பகுதியினரைக் கொன்றிருந்தது. கற்றுக்கொடுக்க வேண்டிய தாய்மார் எத்தனை பேர் அதில் போனார்களோ! சங்கிலி அறுந்தது என்று சொன்னேனே, அதன் தொடக்கம் இங்கேதான்.

கல்லணை சொல்லும் கணக்கு

கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குப் போனால், பார்வன் ஆற்றில் புருவாரினா என்ற ஊர். அங்கே ஆற்றுக்குள் கற்களை அடுக்கிக் கட்டிய மீன் பொறிகள் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. உள்ளூர் ங்கெம்பா மக்கள் இதை 'ங்குன்னு' என்கிறார்கள். படைப்பு மூதாதையான பையாமே வகுத்துக் கொடுத்தது என்பது அவர்கள் மரபு. 2005-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இது சேர்ந்தது.

வளைவு வளைவான அந்தக் கற்பட்டிகளில் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. சுற்றுவட்டாரத்துப் பல இனத்தாரும் அங்கே கூடுவார்கள். மேல் ஆற்றில் இருப்பவர்களுக்கும் மீன் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக எல்லா மீனையும் அடைத்துவிடமாட்டார்கள். இன்றைக்கு 'நிலைத்தன்மை' என்று பாடநூலில் படிக்கிறோமே, அது அங்கே கல்லிலேயே கட்டப்பட்டிருந்தது. பிற்காலத்தில் படகு போக வழிவிட வேண்டும், கட்டடத்துக்குக் கல் வேண்டும் என்று பொறிகளின் பல பகுதிகளைப் பெயர்த்துவிட்டார்கள்.

சட்டம் வந்தது, பாடம் வரவில்லை

குடியேற்றம் வளர வளர, பிடிப்பும் வளர்ந்தது. சிட்னியில் வீடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக்கல் பக்கத்தில் இல்லை. என்ன செய்தார்கள்? சிப்பி ஓடுகளைச் சுட்டார்கள். பழைய ஓடு தீர்ந்ததும் உயிருள்ள சிப்பிகளையே வாரிச் சூளையில் போட்டார்கள். கடைசியில் அதைத் தடுக்க 1868-இல் சட்டம் போட வேண்டியதாயிற்று. அதற்கு மூன்றாண்டுக்கு முன் 1865-இல்தான் காலனியின் முதல் மீன்வளச் சட்டம் வந்திருந்தது. 1880-இல் வில்லியம் மெக்லே தலைமையில் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. 1881-இல் புதிய சட்டமும், மீன்வளத்தைக் கவனிக்க ஆணையர்களும் வந்தார்கள்.

இந்தச் சட்டங்கள் யாரைக் குறிவைத்தன? பெரும்பாலும் சந்தைக்கு மீன் கொண்டுவரும் தொழிலாளரை. வலைக் கண்ணின் அளவு, மூடிய காலம், விற்கக்கூடாத சிறு மீன். சந்தையில் ஆய்வாளர் நின்றால் பிடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு படகுத் துறையில் உட்கார்ந்து தூண்டில் போடும் அப்பாவை யார் கண்காணிப்பது? அன்று அதற்குத் தேவையும் பெரிதாக இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அது மாறியது. நைலான் நூல் வந்தது, சுழல் ரீல் வந்தது, படகுக்கு வெளிப்பொறி வந்தது, வார இறுதி விடுமுறை வந்தது, கார் வந்தது. 2000-ஆம் ஆண்டு மே வரையிலான பன்னிரண்டு மாதங்களில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள ஆஸ்திரேலியர்களில் சுமார் 33 இலட்சத்து 60 ஆயிரம் பேர் ஒரு முறையாவது பொழுதுபோக்காக மீன் பிடித்திருந்தார்கள் என்று தேசிய ஆய்வு காட்டியது. ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஒருவர்! ஒருவர் பிடிப்பது சொற்பம்தான். எல்லாவற்றையும் கூட்டினால் சில மீன் இனங்களில் தொழில்முறைப் பிடிப்புக்குச் சமமாகவும் அதை மிஞ்சியும் போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் சட்டத்தின் எல்லை தெரிகிறது. நியூ சவுத் வேல்ஸின் நீண்ட கடற்கரைக்கும் உள்நாட்டு ஆறுகளுக்கும் எத்தனை ஆய்வாளரை நிறுத்த முடியும்? பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து 20 சென்டிமீட்டர் பிரீம் மீனைப் பையில் போடுபவரைத் தடுக்கக்கூடியவர் ஒருவர்தான். அவரேதான். அல்லது பக்கத்தில் நின்று 'அப்பா, அது சின்ன மீன், 25 இருக்கணும்' என்று சொல்லும் பிள்ளை.

காசு எங்கிருந்து வந்தது?

வரலாற்றுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் பணத்தைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஒரு திட்டம் ஏன் அந்த ஆண்டில் தொடங்கியது, ஏன் இருபது ஆண்டு முன்னால் தொடங்கவில்லை என்று கேட்டால், பாதி நேரம் பதில் பணத்தில்தான் இருக்கும்.

வழிகாட்டியது அமெரிக்கா. 1950-இல் டிங்கல்–ஜான்சன் சட்டம் என்று ஒன்று அங்கே நிறைவேறியது. தூண்டில் சாமான்கள் மீது விதிக்கும் வரி மீன்வளத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது அதன் சாரம். 1984-இல் அதைத் திருத்தியபோது, ஒவ்வொரு மாநிலமும் தனக்குக் கிடைக்கும் பங்கில் பத்து விழுக்காடு வரை நீர்வளக் கல்விக்குச் செலவழிக்கலாம் என்று சேர்த்தார்கள். அமெரிக்காவில் பள்ளிகளுக்கும் முகாம்களுக்கும் தூண்டில் வகுப்பு பரவ இது ஒரு பெரிய ஊன்றுகோல்.

நியூ சவுத் வேல்ஸில் 2001 மார்ச்சில் ஆற்றுக்கும் கடலுக்கும் சேர்த்துப் பொழுதுபோக்கு மீன்பிடிக் கட்டணம் வந்தது. 'கடலில் தூண்டில் போடக் காசா?' என்று பலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பை அடக்கியது ஒரு நிபந்தனை: வசூலாகும் பணம் பொதுக் கருவூலத்தில் கரைந்துவிடாது, தனி அறக்கட்டளை நிதிக்குப் போகும், மீன்பிடிப்பை மேம்படுத்தவே செலவாகும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. அளவும் எண்ணிக்கையும் பற்றிய விதிகளில் மட்டும் வயது விலக்கு கிடையாது.

முதல் பெரிய செலவு 2002-இல் நடந்தது. தொழில்முறை மீனவர்களின் உரிமங்களைப் பணம் கொடுத்து வாங்கி, 30 நீர்ப்பகுதிகளைப் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கென்று ஒதுக்கினார்கள். லேக் மெக்குவாரி, பாட்டனி விரிகுடா எல்லாம் அதில் அடக்கம். வலைக்காரர் போனார், தூண்டில்காரர் தங்கினார். இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டதா? தலைமுறையாக வலை போட்ட குடும்பத்தின் கண்ணில் பாருங்கள், வேறு மாதிரி தெரியும். ஆனால் இதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். வலையின் மேல் பழியைப் போட இனி முடியாது. அந்த நீரில் மீன் குறைந்தால் பொறுப்பு தூண்டில்காரருடையது. பிள்ளைகளுக்கான பயிற்சிக்கும் அதே நிதியிலிருந்துதான் பணம் வருகிறது.

வண்டி வந்து நின்றதும்

இப்படிப்பட்ட முகாம்களில் பொதுவாக என்ன நடக்கும் என்று சொல்கிறேன். தண்ணீர் பக்கம் உடனே போகமாட்டார்கள். முதல் வேலை பள்ளித் திடலில். முள் இல்லாத கோலின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் குண்டைக் கட்டி, புல்தரையில் வீசிப் பழக வேண்டும். வீசுவதற்கு முன் பின்னால் திரும்பிப் பார், யாராவது நிற்கிறார்களா? இதுதான் முதல் பாடம். முள் அடுத்தவர் கண்ணில் மாட்டினால் என்ன ஆகும் என்று பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட, பத்து தடவை திரும்பிப் பார்க்கவைப்பது பலன் தரும். பிறகு முடிச்சு. நைலான் நூலில் சாதாரண முடிச்சு வழுக்கிவிடும். நூலைச் சில சுற்று சுற்றி, எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்க வேண்டும். எச்சில் என்றதும் சிரிப்பு வரும், பாடம் நினைவில் நிற்கும்.

அப்புறம்தான் அளவுகோல் வருகிறது. எனக்குப் பிடித்த பகுதி இது. ஏனென்றால் முள், கோல், ரீல் எல்லாம் மீனைப் பிடிக்க; அளவுகோல் ஒன்றுதான் மீனை விட.

மரே காட் என்ற ஆற்றுமீனை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய நன்னீர் மீன். 1902-இல் வால்கெட் அருகே, அதே பார்வன் ஆற்றில், 113 கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஒன்று பிடிபட்டதாகப் பதிவு இருக்கிறது. பிற்காலத்தில் அணைகள், நதிக் கரையோர மரங்களை அழித்தது, மிதமிஞ்சிய பிடிப்பு எல்லாம் சேர்ந்து இந்த இனம் வெகுவாகக் குறைந்தது. பழைய விதி எளிமையானது: சின்னதை விடு, பெரியதை வை. நம் ஊரிலும் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் உயிரியல் வேறு சொன்னது. பெரிய பெண் மீன்தான் அதிக முட்டை இடும். அதைப் பிடித்துப் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் ஓர் ஆற்றின் அடுத்த தலைமுறையையே கொண்டுபோன மாதிரி. அதனால் 2014-இல் விதியை மாற்றினார்கள். 55 முதல் 75 சென்டிமீட்டர் வரை உள்ளதை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைந்தாலும் விடணும், கூடினாலும் விடணும். நாளுக்கு இரண்டுதான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை முட்டையிடும் காலம். ஆண் மீன் முட்டைக்குக் காவல் இருக்கும். அதனால் அப்போது பிடிக்கத் தடை.

பெரிய மீனை விடச் சொல்வது பெரியவர்களுக்குக் கசக்கும். ஐம்பது ஆண்டு பழக்கம் அப்படி. பத்து வயதுப் பிள்ளைக்கு அது முதல் விதி, கசப்பு இல்லை. பயிற்சியைப் பிள்ளையிடமிருந்து தொடங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும். உலர்ந்த கை மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பான காப்புப் பூச்சை உரித்துவிடும். செவுளில் விரல் விடக்கூடாது. முள்ளை மீன் ஆழமாக விழுங்கிவிட்டால்? பிடுங்கத்தான் எல்லாருக்கும் கை போகும். அந்த மாநில ஆய்வாளர்கள் பிரீம் போன்ற மீன்களில் சோதித்துப் பார்த்தபோது, நூலை வெட்டி முள்ளோடு விட்ட மீன்கள்தான் அதிகம் பிழைத்தன. அவற்றில் பல, நாளடைவில் முள்ளைத் தாமே வெளியேற்றிவிட்டன. 'அவசரப்பட்டு உதவி செய்யாதே' என்பது பிள்ளைகளுக்குப் புதுப் பாடம். வெட்டி எறிந்த நூல் கூழைக்கடா, கடற்காகம் போன்ற பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும் என்பதால், படகுத் துறைகளில் நூலைப் போடுவதற்கென்றே தனித் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள்.

பாறையும் அலையும்

மீனைக் காப்பது ஒரு பாதி. பிள்ளையைக் காப்பது மறு பாதி. நியூ சவுத் வேல்ஸ் கடலோரப் பாறைகளில் நின்று தூண்டில் போடுவது பெயர்பெற்ற பொழுதுபோக்கு. பெயர்பெற்ற ஆபத்தும் அதுவே. கடல் அமைதியாக இருப்பது போலத் தெரியும். திடீரென ஒரு பெரிய அலை வந்து ஆளை வாரிக்கொண்டு போய்விடும். இறந்தவர்களில் ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் அதிகம். காரணம் கவனக்குறைவு என்று எளிதில் தீர்ப்பு சொல்லிவிடக்கூடாது. அந்தக் கடலின் குணத்தைச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு அங்கே தாத்தாவோ மாமாவோ இல்லை. அதனால்தான் எச்சரிக்கைத் தாள்களைச் சீனம், கொரியம், வியட்நாமியம் ஆகிய மொழிகளிலும் அச்சிட்டார்கள்.

பாறை ஓரங்களில் உயிர்காப்பு வளையங்களைத் தூண்டில் சங்கத்தினர் முன்கையெடுத்து வைத்தார்கள். 2015-இல் சில மரணங்களை விசாரித்த மரண விசாரணை நீதிபதி, உயிர்காப்பு மேலங்கியைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தார். 2016-இல் பாறை மீன்பிடிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சிட்னியின் ராண்ட்விக் பகுதியில் முதலில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் அபராதம் போடவில்லை, எச்சரிக்கை மட்டும்தான்.

முகாமில் பிள்ளைகளுக்குச் சொல்வதெல்லாம் சுருக்கமான வாக்கியங்கள். தனியாகப் போகாதே. மேலங்கி இல்லாமல் நிற்காதே. பாறையில் இறங்குமுன் அரை மணி நேரம் கடலைப் பார். கடலுக்கு முதுகைக் காட்டாதே. விழுந்துவிட்டால் பாறையை நோக்கி அல்ல, பாறையை விட்டு விலகி நீந்து. கடைசி வாக்கியம் யாருக்கும் இயல்பாகத் தோன்றாது. அதனால்தான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இத்தனை நல்லது சொன்ன பிறகு, குறையையும் பார்க்க வேண்டும். தேர்வில் 'எந்த அளவுக்கு' என்று கேட்டால் இரண்டு பக்கமும் வேண்டுமே.

பிள்ளைகளை மீன்பிடிப்புக்கு இழுத்தால் தூண்டில்காரர் எண்ணிக்கை கூடும். கட்டண வருமானமும் கூடும். மீன் மேல் அழுத்தமும் கூடும். தூண்டில் சாமான் விற்பவர்களுக்கும் இதில் ஆர்வம் இல்லாமல் இல்லை. பக்கத்து விக்டோரியா மாநிலம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கோலும் ரீலும் கொடுத்தது. ஒரு கையேடும் கூட இருந்தது என்றாலும், பெட்டியைக் கையில் கொடுப்பதும் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பதும் ஒன்றல்ல. என் கருத்தில் கோலுக்கு முன்னால் அளவுகோல் வர வேண்டும். மீனுக்கு வலி உண்டா, விளையாட்டுக்காக அதை முள்ளில் மாட்டுவது சரியா என்ற கேள்வியும் இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்டால் அடக்காதீர்கள்.

இதையெல்லாம் விடக் கனமானது இன்னொன்று. தூண்டில் பாடத்தை அந்தக் கரையில் முதலில் நடத்தியவர்கள் பழங்குடி மக்கள். கட்டணமும் அளவும் எண்ணிக்கையும் வந்தபோது, அவர்களின் பிடிப்பு பொழுதுபோக்கும் இல்லை, தொழிலும் இல்லை. சட்டத்தில் அதற்கு இடமே இருக்கவில்லை. தென் கடலோர யூயின் மக்களில் சிலர், குறிப்பாக அபலோன் சிப்பி எடுத்ததற்காக, அபராதமும் சிறையும் கண்டார்கள். 2009-இல் மாநில நாடாளுமன்றம் மீன்வளச் சட்டத்தில் 21ஏஏ என்ற பிரிவைச் சேர்த்து, பண்பாட்டு மீன்பிடிப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் நிறைவேற்றிய பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. பத்தாண்டுக்கு மேல் அது தாளிலேயே கிடந்தது. வழக்குகள் தொடர்ந்தன. அங்கே ஒரு தாய் தன் பிள்ளையைக் கடலுக்கு அழைத்துப்போய்க் கற்றுக்கொடுக்கும்போது, கரையில் யாராவது அதிகாரி நிற்கிறாரா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் அரசாங்க வண்டி பள்ளிக்குப் போய் மற்றப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

வகுப்பில் இந்தப் பாடத்தை எடுக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு: மூன்று காலகட்டங்களையும் மூன்று குழுவுக்குப் பிரித்துக் கொடுங்கள். 1788-இன் தோணி, 1881-இன் சட்டம், 2001-இன் கட்டணம். ஒவ்வொரு குழுவும் 'இங்கே யார் ஆசிரியர், யார் மாணவர், தவறு செய்தால் என்ன நடக்கும்?' என்று எழுதட்டும். இரண்டாவது குழு திணறும். ஆசிரியர் என்ற இடத்தில் எழுத அவர்களுக்கு யாரும் கிடைக்கமாட்டார்கள், ஆய்வாளரும் அபராதமும்தான் கிடைக்கும். திணறட்டும், உதவாதீர்கள். முடிந்தால் ஓர் அளவு நாடாவையும் வகுப்புக்குக் கொண்டுவந்து, 55-க்கும் 75-க்கும் இடையே உள்ள தூரத்தைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரையச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதன் பக்கத்தில் படுத்துப் பார்ப்பார்கள், கையை நீட்டி அளப்பார்கள், 'இவ்வளவுதானா சார்?' என்று கேட்பார்கள். 113 கிலோ மீனின் கதையை அப்போது சொல்லலாம்.